காவல் முடியாத இரவு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு மாத்திரைக்கு 'ப்ளூ 88' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சோடியம் அமிடால் என்கிற பார்பிட்யூரேட் மருந்து அது, நீல நிற கேப்ஸ்யூல். 88 என்பது மருந்தின் அளவோ எண்ணோ இல்லை. எதிரே இருந்த ஜெர்மன் படையின் 88 மில்லிமீட்டர் பீரங்கியின் பெயர். அந்தப் பீரங்கி ஒரு ஆளை எப்படிச் சாய்க்குமோ அப்படிச் சாய்க்குமாம் இந்த மாத்திரை. போர்முனையில் நடுங்கிக்கொண்டு, தூங்க முடியாமல் திரும்பி வருகிறவனுக்கு இதைக் கொடுத்து ஒரு நாள், இரண்டு நாள் என்று கிடத்திவிடுவார்கள். எழுந்ததும் சூடான சாப்பாடு, குளியல், மாற்றுத் துணி. முடிந்தால் மறுபடியும் முன்னணிக்கு.

தூக்க மருந்துக்கு எதிரியின் பீரங்கிப் பெயரை வைத்த அந்தச் சிப்பாய்களின் கிண்டலில் ஒரு நோயறிதல் இருக்கிறது. தங்களுக்கு நடப்பது தூக்கம் இல்லை, வேறு ஏதோ ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்பது வருடம் கழித்து, அதே நாட்டின் அரசாங்கம் தன் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு மொபைல் ஆப் கொடுக்கிறது. காசு கிடையாது, லாகின் கிடையாது. தினமும் காலையில் 'நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்' என்று கேட்கிறது. அதில் வரும் விடைகளை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டு, 'இன்று 12.30க்கு முன்னால் படுக்கைக்குப் போகாதீர்கள்' என்கிறது. தூக்கம் வராதவனிடம் போய், கம்மியாகப் படு என்று சொல்லும் ஆப்.

நீல மாத்திரையிலிருந்து இந்த ஆப் வரைக்கும் வந்த பாதை எனக்குச் சில மாதங்களாகப் பிடித்த விஷயமாக இருக்கிறது. நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் ஒரு சிகிச்சை எந்த இடத்தில் அல்காரிதமாக மாறுகிறது, மாறும்போது எதை வழியில் தவறவிடுகிறது என்பது என் தொழில் சார்ந்த கேள்விதான்.

நீலகிரியிலிருந்து எடின்பரோவுக்கு

முதல் உலகப் போருக்குப் போனால் அங்கே நமக்குக் கொஞ்சம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1901-02ல் நீலகிரிக்கு வந்து தோடர்கள் மத்தியில் ஆய்வு செய்து, 1906ல் அவர்களைப் பற்றித் தடிமனான ஒரு புத்தகம் வெளியிட்டவர். மானிடவியலில் அது இன்னும் பேசப்படுகிற நூல். அதே ரிவர்ஸ்தான் பத்து வருடம் கழித்து எடின்பரோவுக்கு அருகில் இருந்த க்ரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் மனம் குலைந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் அவருடைய நோயாளி. வில்ஃப்ரெட் ஓவனும் 1917ல் அங்கேதான் இருந்தார், ஆனால் வேறொரு டாக்டரிடம்.

1917 டிசம்பரில் லண்டனில் ரிவர்ஸ் ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த வருடம் பிப்ரவரியில் லான்செட் இதழில் அது அச்சானது. போர் அனுபவத்தை அமுக்கி வைப்பது பற்றியது. அந்தக் காலத்தில் எல்லோரும், டாக்டர்கள் உட்பட, திரும்பி வந்த சிப்பாய்க்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: மறந்துவிடு, நல்லதாக எதையாவது நினை, வேலையில் மூழ்கு. ரிவர்ஸ் கவனித்தது இதன் இரவு நேர விளைவை. பகலில் இந்த அறிவுரை வேலை செய்கிறது. ஆட்கள், பேச்சு, விளையாட்டு என்று நேரம் ஓடிவிடும். விளக்கை அணைத்ததும், பகல் முழுக்க வாசலில் நிறுத்திவைத்ததெல்லாம் மொத்தமாக உள்ளே வரும். இருட்டையும் படுக்கையையும் பார்த்தே பயப்படும் நிலைக்குச் சிலர் போயிருந்தார்கள். அவர்களிடம் ரிவர்ஸ் மறக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசச் சொன்னார். பலருக்கு அது இரவை லேசாக்கியது. எல்லோருக்கும் இல்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் ரிவர்ஸ் வழியில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஒரு நோயாளிக்கு ஒரு ரிவர்ஸ் வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தால்? மாத்திரை அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் வைத்திருந்தது. முதல் பார்பிட்யூரேட்டான வெரோனால் 1904லிலேயே சந்தைக்கு வந்தாயிற்று. அடுத்த போருக்குள் அதன் தம்பி தங்கைகள் நிறையப் பிறந்திருந்தன. ப்ளூ 88 அப்படி வந்ததுதான். அதற்குப் பிறகு 1960ல் லிப்ரியம், 1963ல் வேலியம். பார்பிட்யூரேட்டை விட ஆபத்து குறைவு என்று வந்த பென்சோடயசிபைன் வகைகள்.

இந்த மாத்திரைக் கதையின் முடிவு ஒரு அரசு ஆவணத்தில் இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட பி.டி.எஸ்.டி. சிகிச்சை வழிகாட்டி, பென்சோடயசிபைன் கொடுக்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. போரிலிருந்து வந்தவனுக்கு அரை நூற்றாண்டாகத் தாராளமாகக் கொடுத்த அதே மருந்து.

ஏன் நிற்கவில்லை?

பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகான மன உளைச்சல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980ல். வியட்நாமிலிருந்து வந்தவர்கள் போராடி வாங்கிய இடம் அது. அந்தப் பட்டியலில் தூக்கம் கெடுவது ஒரு அறிகுறி. இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 'அறிகுறி' என்று எழுதிவிட்டால், மூல நோயைச் சரிசெய்தால் அது தானாகப் போய்விடும் என்று ஒரு எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடும்.

தானாகப் போகவில்லை. 2004ல் வந்த ஒரு சிறு ஆய்வு, பி.டி.எஸ்.டி. சிகிச்சை முடித்து அந்த நோயிலிருந்து வெளியே வந்துவிட்ட 27 பேரைப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தூக்கமின்மை அப்படியே இருந்தது. நோய் போய்விட்டது, அறிகுறி மட்டும் வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. 2013ல் வந்த ஒரு பெரிய ராணுவ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், போருக்குப் போகும் முன்பே தூக்கம் சரியில்லாமல் இருந்தவர்களுக்கு, திரும்பி வந்தபின் மன நோய்கள் புதிதாக வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அப்படியென்றால் தூக்கமின்மை விளைவு மட்டும் இல்லை, காரணங்களில் ஒன்றும்கூட. அதே 2013ல் வந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 'இன்னொரு நோயால் வந்த தூக்கமின்மை' என்ற பிரிவைத் தூக்கிவிட்டு, தூக்கமின்மையைத் தனி நோயாகவே வைத்தது. கூட வேறு என்ன நோய் இருந்தாலும் இதற்குத் தனியாக வைத்தியம் பார் என்று அர்த்தம்.

இது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு மிகத் தெளிவான விளக்கம் கொடுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன். 1987ல் அவரும் சகாக்களும் மூன்று அடுக்காக இதைப் பிரித்தார்கள். ஒருவருக்கு இயல்பிலேயே இருக்கும் சாய்வு ஒன்று. தூக்கத்தை முதலில் கெடுத்த சம்பவம் இரண்டு. கெட்ட தூக்கத்தைச் சரிக்கட்ட அவர் செய்ய ஆரம்பிக்கும் காரியங்கள் மூன்று. முதலில் கெடுத்த சம்பவம் முடிந்துபோனாலும், மூன்றாவது அடுக்கு நோயை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் என்றார் ஸ்பீல்மன்.

ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். போர்முனையில் ஆழ்ந்து தூங்காமல் இருப்பது நோய் இல்லை, அது தொழில் திறமை. சத்தம் கேட்டால் அரை விநாடியில் எழுந்து நிற்பவன்தான் பிழைக்கிறான். அவன் வீட்டுக்கு வருகிறான். இரவு இரண்டு முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறான், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறான், பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கிறான். தூக்கம் போதவில்லையே என்று ஒன்பது மணிக்கே படுக்கையில் விழுகிறான். ஒன்பது மணி நேரம் கிடக்கிறான், அதில் தூங்குவது ஐந்தரை. மீதி மூன்றரை மணி நேரம் கூரையைப் பார்க்கிறான். பகலில் சோபாவில் கண்ணயர்கிறான், சாயங்காலம் குடிக்கிறான். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நியாயமான காரியம்தான். எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் படுக்கை என்பதே விழித்திருக்கும் இடம் என்று அவன் உடம்புக்குப் பாடம் எடுத்துவிடும்.

சாஃப்ட்வேர் வேலையில் ஆன்-கால் என்று ஒன்று உண்டு. உங்கள் முறை வரும் வாரத்தில், நடு இரவில் சர்வர் விழுந்தால் போன் அடிக்கும். அடிக்காத இரவிலும் சரியாகத் தூங்க முடியாது, காது போன் மேலேயே இருக்கும். வாரம் முடிந்து போனை அடுத்தவர் கையில் கொடுத்த பிறகும் எனக்கு ஒன்றிரண்டு இரவு அப்படியே போகும். சர்வர் விழுந்தால் யாரும் சாகப்போவதில்லை. ஒரு வருடம் உயிருக்குக் காவல் இருந்துவிட்டு வந்தவனின் காது எவ்வளவு காலம் விழித்திருக்கும் என்று இதிலிருந்து கணக்குப் போட முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவு காகிதத்தில் வருகிறது. உடம்புக்கு அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

கட்டில் ஒரு பாடம்

தீர்வின் முதல் பாதி ஸ்பீல்மனுக்கும் முன்பே, 1972ல் வந்துவிட்டது. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சில எளிய விதிகளைச் சொன்னார். தூக்கம் வந்தால் மட்டும் படு. படுக்கையை உறக்கத்துக்கும் உடலுறவுக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தாதே. தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போ, வந்ததும் திரும்பி வா. எத்தனை முறையானாலும் பரவாயில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. பகலில் தூங்காதே. கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விதியும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: கட்டிலுக்கும் விழிப்புக்கும் இருக்கும் கள்ளத் தொடர்பை அறுப்பது.

இரண்டாவது பாதி ஸ்பீல்மனின் தூக்கக் கட்டுப்பாடு. இதற்குப் பின்னால் உடலியல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பேய் 1982ல் முன்வைத்த மாதிரியின்படி தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பசி மாதிரி ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். இன்னொன்று, உடம்பின் 24 மணி நேரக் கடிகாரம். நம் சிப்பாய் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து, பகலிலும் கண்ணயர்ந்து, அந்தப் பசியைக் கொறித்துக் கொறித்தே தீர்த்துவிடுகிறான். சாப்பாட்டு நேரத்தில் பசி இல்லை.

அதனால் ஸ்பீல்மன் சொன்னது: கொறிப்பதை நிறுத்து. ஒரு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுது. சராசரியாக ஐந்தரை மணி நேரம் தூங்குகிறாயா, சரி, படுக்கையில் இருக்கவும் உனக்கு ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி. ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் 12.30க்குத்தான் படுக்கை. முதல் வாரம் நரகம். ஆனால் பசி ஏறும். தூங்கிய நேரத்தைப் படுத்திருந்த நேரத்தால் வகுத்தால் வருவது தூக்கத் திறன். நம் ஆளுக்கு முதலில் அது 61 சதவீதம். அது 90ஐத் தொட்டால் 15 நிமிடம் கூட்டு. 85க்குக் கீழே விழுந்தால் குறை. இரண்டுக்கும் நடுவே என்றால் அப்படியே விடு. அடுத்த வாரம் திரும்பக் கணக்கு.

இந்த இரண்டோடு, படுக்கையில் ஓடும் எண்ணங்களை எடுத்து விசாரிப்பதும் சேர்ந்தது. 'இன்று தூங்காவிட்டால் நாளைக்கு நான் செத்தேன்' என்பது அப்படி ஒரு எண்ணம். கொஞ்சம் தளர்வுப் பயிற்சியும் உண்டு. மொத்தத்துக்கும் பெயர் சி.பி.டி.-ஐ. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், வாரம் ஒரு சந்திப்பு.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கு நேரடிப் பங்கு உண்டு. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் அப்படி ஒரு மருத்துவமனையிலும் ட்யூக் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தவர் ஜாக் எடிங்கர். அவருடைய குழு 2001ல் ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்வில் 75 பேர் இருந்தார்கள். நடு இரவில் விழித்துக் கிடக்கும் நேரம், சி.பி.டி.-ஐ எடுத்தவர்களுக்கு 54 சதவீதம் குறைந்தது. வெறும் தளர்வுப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 16, போலிச் சிகிச்சைக்கு 12. அதே எடிங்கர் 2003ல் இதை 25 நிமிடம் வீதம் இரண்டே சந்திப்புகளாகச் சுருக்கியும் சோதித்துப் பார்த்தார். சுருக்கிய வடிவமும் வேலை செய்தது.

ஒரு மனிதர் ஏன் எட்டு சந்திப்பை இரண்டாக்கப் பார்க்கிறார்? ரிவர்ஸுக்கு இருந்த அதே சிக்கல்தான் காரணம். ஆட்கள் போதவில்லை.

ஆள் கணக்கு

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை மருத்துவத்தில் 90 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாட்டின் முன்னாள் ராணுவத்தினரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கிராமப்புறத்தில் வாழ்கிறார். மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கழியும் தூரம். ஒரு பக்கம் இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் புதிய தலைமுறை திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் வியட்நாம் தலைமுறைக்கு வயதாகிறது, நாற்பது வருடத் தூக்கமின்மையோடு.

2011 வாக்கில் அந்தத் துறை, தன் மனநலப் பணியாளர்களுக்கு நாடு முழுக்க சி.பி.டி.-ஐ பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அப்படிப் பயிற்சி பெற்றவர்களிடம் வந்த நோயாளிகளின் கணக்கு பிறகு வெளியானது. 28க்கு மதிப்பெண் போடும் தூக்கமின்மைத் தீவிர அளவுகோலில், சராசரி 20ஐத் தாண்டி இருந்தது 11க்கு வந்தது. ஏறத்தாழ பாதி. ஆய்வுக்கூடத்தில் பொறுக்கி எடுத்த ஆட்கள் இல்லை இவர்கள். பி.டி.எஸ்.டி., மனச்சோர்வு, உடல் வலி எல்லாம் சேர்ந்த சாதாரண நோயாளிகள். 2016ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, தீராத தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை சி.பி.டி.-ஐதான், மருந்து அப்புறம்தான் என்று எல்லா மருத்துவர்களுக்கும் பரிந்துரைத்தது.

ஆனால் மாத்திரை எழுதிக்கொடுக்க இரண்டு நிமிடம். சி.பி.டி.-ஐ கொடுக்க எட்டு வாரம், பயிற்சி பெற்ற ஒரு ஆள். அந்த ஆள் பெரிய நகரத்தில்தான் இருப்பார், அவரிடம் காத்திருப்போர் பட்டியல் இருக்கும்.

இங்கேதான் என் ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள். ஸ்பீல்மனின் விதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரு எண்ணை இன்னொன்றால் வகு, 90க்கு மேலா, 85க்குக் கீழா, 15 நிமிடம் கூட்டு, குறை. இது 1987லேயே நிரலாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும்தான் பாக்கி. ஒரு மாலை உட்கார்ந்து இதை ஒரு ஃபங்ஷனாக எழுதிப் பார்த்தேன். இருபது வரிக்குள் முடிந்துவிட்டது. 'ஐந்து மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காதே' என்கிற பாதுகாப்பு வரியையும் சேர்த்துத்தான். மனநல மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமாக நிரலாகக்கூடிய சிகிச்சை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

மற்றவர்களுக்கும் அது தோன்றியிருந்தது. 2004ல் ஸ்வீடனில் இணையம் வழியாகத் தூக்கமின்மைச் சிகிச்சையைச் சோதித்து ஒரு ஆய்வு வந்தது. 2009ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் லீ ரிட்டர்பேண்ட் குழு 'ஷட்-ஐ' என்ற இணைய நிரலின் முடிவுகளை வெளியிட்டது. 2012ல் கொலின் எஸ்பி குழுவின் 'ஸ்லீப்பியோ', கார்ட்டூன் பேராசிரியர் ஒருவர் பாடம் எடுக்கிற மாதிரி.

முன்னாள் படைவீரர் துறை கவனமாக, இரண்டு படியாக வந்தது. 2013ல் ஸ்டான்ஃபோர்டோடும் பாதுகாப்புத் துறையோடும் சேர்ந்து 'சிபிடி-ஐ கோச்' என்ற ஆப். அது சிகிச்சையாளருக்கு மாற்று இல்லை. வாரா வாரம் அவரைப் பார்க்கிறவர்கள் வீட்டில் நாட்குறிப்பு எழுத ஒரு துணைக்கருவி. பிறகு 2020ல் 'இன்சோம்னியா கோச்'. இது ஆள் துணை இல்லாமல் தானே ஓடக்கூடியது. ஐந்து வாரத் திட்டம், நாட்குறிப்பு, அதை வைத்து வரும் அறிவுரைகள். 50 முன்னாள் படைவீரர்களிடம் சோதித்த ஒரு முன்னோட்ட ஆய்வு 2022ல் வெளிவந்தது, முடிவுகள் நம்பிக்கை தரும்படி இருந்தன. லாகின் கேட்காதது இதில் சின்ன விஷயம் இல்லை. மனநலச் சிகிச்சைக்குப் போனது பதிவில் ஏறினால் என்ன ஆகுமோ என்று பயந்து கிளினிக் படி ஏறாதவர்கள் ராணுவத்தில் நிறைய. அவர்களுக்கு, யாருக்கும் தெரியாமல் தொடங்கக்கூடிய ஒரு கதவு அது.

பாதி

இனி கதையின் சங்கடமான பகுதி.

2017ல் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு வந்தது. பணியில் இருந்த 100 ராணுவத்தினர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு நேரில் சி.பி.டி.-ஐ. இன்னொன்றுக்கு அதே பாடங்கள் இணையத்தில். மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. இணையச் சிகிச்சை, எதுவும் செய்யாததை விடத் தெளிவாக மேல். நேர்ச் சிகிச்சை, இணையத்தை விடத் தெளிவாக மேல். விளைவின் அளவில் இணையம் கொடுத்தது ஏறத்தாழ பாதி.

இந்தப் பாதியை எப்படிப் படிப்பது? நான் இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறவனுக்கு, நூறு மைல் தள்ளி இருக்கிறவனுக்கு, பாதி என்பது பூஜ்யத்தை விட மிகப் பெரிய எண். நிர்வாகி மேசையில் இருந்து படித்தால் வேறு: விலையில் நூறில் ஒரு பங்கு, பலனில் பாதி. அந்தக் கணக்குப் பிடித்துப்போகிற அதிகாரி அடுத்த வருட பட்ஜெட்டில் யாரைக் குறைப்பார் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ப்ளூ 88ம் ஒரு காலத்தில் இப்படி ஒரு கணக்கில் ஜெயித்ததுதான்.

தொலைந்துபோன பாதி எங்கே இருக்கிறது? என் யூகம், நிரலின் உள்ளீட்டில். ஆப் கேட்பது படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு. 2.40க்கு ஏன் எழுந்தீர்கள் என்று அது கேட்பதில்லை. கேட்டாலும் 'தாழ்ப்பாளைப் பார்க்க' என்று யாரும் தட்டச்சு செய்யப்போவதில்லை, அவனைப் பொறுத்தவரை அது காரணமே இல்லை, கடமை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதைப் பேச்சுவாக்கில் பிடித்துவிடலாம். 'ஒரு முறை பாருங்கள், இரண்டாவது முறை வேண்டாம்' என்று பேரம் பேசலாம். முதல் வார நரகத்தில் விட்டுவிடப் பார்க்கிறவனை, 'வியாழக்கிழமை வரைக்கும் தாங்குங்கள்' என்று பிடித்து வைக்கலாம். அந்த மூன்றாவது இரவில் நோட்டிபிகேஷனைத் தள்ளிவிடுவது சுலபம், தன் பெயர் தெரிந்த ஆளிடம் போய் விட்டுவிட்டேன் என்று சொல்வது கஷ்டம். தூங்கும்போது மூச்சு அடைபடும் நோய் இருக்கிறதா, வலிப்பு உண்டா, பைபோலார் உண்டா என்பதும் முக்கியம். தூக்கத்தைக் குறைப்பது இவர்களில் சிலருக்கு ஆபத்து. ஆப் எச்சரிக்கை வாசகம் காட்டும். ஆள் கேட்டே விடுவார்.

ஆப் மாதிரியான கருவிகளுக்கு இன்னொரு ஆபத்து, முதலாளி. நான் மேலே சொன்ன 'ஷட்-ஐ' பிறகு 'சோம்ரிஸ்ட்' என்று பெயர் மாறி, பியர் தெரப்யூடிக்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுக்கும் மென்பொருள் மருந்து. 2021ல் அந்த நிறுவனத்துக்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 160 கோடி டாலர். காப்பீட்டு நிறுவனங்கள் போதுமான அளவு பணம் தர முன்வரவில்லை. 2023 ஏப்ரலில் திவால். ஏலத்தில் அதன் சொத்தெல்லாம் சேர்ந்து போனது சுமார் 60 லட்சம் டாலருக்கு.

எந்த ஆய்விலும் அந்த மென்பொருள் தோற்கவில்லை. ஸ்பீல்மனின் வகுத்தல் 2023லும் 1987ல் சொன்ன அதே விடையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. தோற்றது வணிக மாதிரி. புத்தகமாக இருந்தால் பதிப்பகம் மூடினாலும் பரணில் கிடக்கும். மாத்திரையாக இருந்தால் வேறு கம்பெனி தயாரிக்கும். சர்வரில் இருக்கும் சிகிச்சைக்கு மட்டும், யாரோ ஒருவர் மாதா மாதம் கட்டணம் கட்ட வேண்டும். அந்த வகையில் அரசாங்கம் எழுதி இலவசமாக விட்ட, அலங்காரம் குறைந்த அந்த ஆப் எனக்கு மரியாதைக்குரியதாகத் தெரிகிறது. போருக்கு அனுப்பியது யாரோ, அவர்களே தூக்கத்துக்கான மென்பொருளையும் பராமரிக்கிறார்கள். பராமரிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

ஆனால் அதைப் பராமரிப்பது மட்டும் போதும் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. பயிற்சித் திட்டம் வழியாக வந்த நோயாளிகளைப் பற்றி 2015ல் வெளியான இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போது தற்கொலை எண்ணம் ஏதோ ஒரு அளவில் இருந்ததாகச் சொன்னவர்கள், நூற்றுக்கு சுமார் 32 பேர். கடைசிச் சந்திப்பில் 21. தூக்கத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்து வந்த மாற்றம் இது. இதையும் ஆப் பாதி அளவுக்குக் கொடுக்குமா? எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மீதி 21 பேர். எட்டு வாரம் கூட உட்கார்ந்து பேசிய ஒருவருக்கு அவர்கள் யார் என்று தெரியும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு நெருக்கடித் தொலைபேசி உண்டு. 988ஐ அழைத்து, 1ஐ அழுத்த வேண்டும். எந்த இரவிலும், எந்த மணியிலும் எடுப்பார்கள். எடுப்பது ஒரு ஆள், அந்த நேரத்தில் தூங்காமல் இருப்பது அவருடைய வேலை. வேறொருவர் காவலுக்கு இருக்கிறார் என்று தெரிந்தால்தான் சிலரால் கண்ணை மூட முடிகிறது. ஒன்பது மணிக்கே படுக்காதே என்று சொல்ல ஒரு நிரல் போதும். இந்த வேலைக்கு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.